செத்த பிறகும் வசூல்

படகு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

டென்மார்க்கின் சில்க்போர்க் ஏரிக்கரையில், நாணலுக்குள் மூக்கைச் செருகிக்கொண்டு கிடந்தது அந்த வாடகைப் படகு. உள்ளே ஒரு ஜாக்கெட். ஒற்றைச் சப்பாத்து. பலகையெல்லாம் ரத்தம்...

நாயோடு நடக்க வந்த பெண்மணி போட்ட கூச்சலில் அக்கரை வாத்துகள் வரை எழும்பிப் பறந்தன.

சுழியோடிகள் தண்ணீருக்குள் இறங்கினார்கள். ஏறினார்கள். மோப்ப நாய் வந்தது. தும்மியது. போனது.

செத்தவன் மட்டும் அகப்படவில்லை.

பெயர் ஜெரோசன். வயது முப்பத்தைந்து. தொழில்...?

அதைச் சொல்லத்தான் சாரங்கிக்கு வாய் கூசியது.

சாரங்கி கொலை விசாரணைப் பிரிவு அதிகாரி. நாலு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள். டேனிஷ்காரரின் பொய்யை டேனிஷிலும், தமிழரின் பொய்யைத் தமிழிலும் பிடிக்கத் தெரிந்தவள் என்று அவளுக்கே தன்மேல் ஒரு நினைப்பு.

"அவன் கேம் செய்தவனா, விற்றவனா?" டேனிஷில் கேட்டார் மேலதிகாரி ஹென்ரிக்.

"இரண்டும் இல்லை. செய்யப்போகிறேன் என்று சொன்னவன்."

"சொன்னதற்கா பணம் கொடுத்தார்கள்?"

"கொட்டிக் கொடுத்தார்கள்."

விஷயம் இதுதான். எண்பதுகளில் 'கறுப்புக் கப்பல்' என்று ஒரு கம்ப்யூட்டர் கேம். சதுரம் சதுரமாக ஒரு கப்பல். சதுரம் சதுரமாக ஒரு கடல். அன்று அதை விளையாடிய பொடியன்களுக்கு இன்று வழுக்கை, கொலஸ்ட்ரால், வீட்டுக் கடன். அவர்களிடம் போய், "கறுப்புக் கப்பலை மறுபடி மிதக்க விடுவோம், ஆளுக்குக் கொஞ்சம் போடுங்கள்" என்று இணையத்தில் கையேந்தினான் ஜெரோசன். ஒருவர் இருவரா... ஆயிரக்கணக்கில் விழுந்தடித்துக்கொண்டு போட்டார்கள். அதிகம் போட்டவருக்கு கேமில் வருகிற மாலுமிக்கு அவருடைய முகமே வைக்கப்படுமாம். டீ-ஷர்ட் வேறு வருமாம்.

நாலு வருடம் ஆயிற்று. கப்பலும் வரவில்லை, டீ-ஷர்ட்டும் வரவில்லை. ஒரு ஸ்டிக்கர் வந்தது.

மாதா மாதம் ஜெரோசன் வீடியோவில் மட்டும் வருவான். புதுத் தாடி, புதுக் கண்ணாடி, புதுக் காரணம். "கடல் அலை இன்னும் சரியாக வரவில்லை நண்பர்களே..."

போன மாதம் நண்பர்கள் பொறுமை இழந்தார்கள். கள்ளன் என்றார்கள். செத்துத் தொலை என்றார்கள்.

அவனும் செத்துத் தொலைந்தான்.

உடனே அதே ஆட்கள் மெழுகுவர்த்திப் படம் போட்டு அழுதார்கள். மேதை என்றார்கள். 'ஜெரோசனின் கனவை முடிப்போம்' என்று அடுத்த வசூல் தொடங்கியது. முதல் வசூலை இது ஒரே நாளில் தாண்டி ஓடியது!

விசர்க் கூட்டம், என்று நினைத்தாள் சாரங்கி. மூக்கு வழியும் பிள்ளைக்குக்கூட ஒருமுறை ஏமாந்தால் புத்தி வரும்.

"அவர்களை விடு," என்றார் ஹென்ரிக். "நம் ஆள் உள்ளே இருக்கிறான். நாளைக் காலை நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும். காரில் ரத்தம், ஏரிக்கரையில் கார். இது போதும். பல வருடம் உள்ளே போவான்."

உள்ளே இருந்தவன் துஷாந்தன்.

ஓல்போர்க்காரன். ஜெரோசனின் கூட்டாளி. வீடியோவில் முகம் காட்டாமல், பின்னால் உட்கார்ந்து கேமை எழுதுகிறவன். மெலிந்த உடம்பு. நகம் கடித்த விரல்கள்.

"சொல்லும் துஷாந்தன். உம்மட கார் ஏன் ஏரிக்கரையில நிண்டது?"

"நான் அவனைக் கொல்லேல்லை அக்கா."

"நான் கேட்டது காரைப் பற்றி."

"அவன் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவன். இறக்கி விட்டன். போயிட்டன்."

"சீற்றில ரத்தம்?"

துஷாந்தன் கடித்த நகத்தையே மறுபடி கடித்தான். சுவரைப் பார்த்தான்.

"வாயைத் திறவும். நாளைக்கு உம்மை நீதிபதியிட்டை குடுத்தா, என்ர கையில ஒண்டும் இல்லை. அவைக்குத் தேவை ஒரு ஆள். நீர் நல்லாப் பொருந்திறீர்."

"நான் சொன்னா நம்ப மாட்டியள்."

"சொல்லிப் பாரும்."

"நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் தமிழ் ஆள்தானே அக்கா... அவன்ர வீட்டுக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கோ."

"போய்?"

"போனா உங்களுக்கு விளங்கும். உவை வெள்ளைக்காரருக்கு விளங்காது."

சாரங்கிக்கு அந்த வார்த்தை இனித்தது. அதை அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

போனாள்.

கதவைத் திறந்ததுமே ஏதோ இடித்தது.

மீன் பொரியல் வாசம்!

செத்த வீட்டில் மச்சமா? எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு வரும்வரை மீன் இறைச்சி பக்கமே போகாத சனம் இது. ஹென்ரிக் இரண்டு தரம் வந்து, இதே கதிரையில் உட்கார்ந்து, இதே வாசத்தை முகர்ந்து, "பாவம், சமைத்தாவது மனதை ஆற்றுகிறாள்" என்று அறிக்கை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

"வா பிள்ளை, இரு," என்றாள் விமலராணி. ஜெரோசனின் தாய். முதியோர் இல்லத்தில் வேலை. சாரங்கியைக் கண்டதும் சேலைத் தலைப்பைக் கண்ணுக்குக் கொண்டு போனாள். "என்ர பிள்ளையைக் கொலை செய்துபோட்டாங்களே..."

அழுகை சரியாகத்தான் வந்தது. அளவோடு வந்தது.

சாரங்கி சுவரைப் பார்த்தாள். ஜெரோசனின் படம். பெரிய படம். பெரிய சிரிப்பு. மாலை இல்லை. முன்னால் மேசையில் குத்துவிளக்கு இருந்தது. திரி இருந்தது. நெருப்பு இல்லை.

"அன்ரி, படத்துக்கு மாலை போடேல்லையோ?"

"உடம்பு கிடைக்கட்டும் எண்டு..."

"விளக்கு?"

"எண்ணெய் முடிஞ்சுது."

"முட்ட முட்ட எண்ணெய் கிடக்கு அன்ரி."

சாரங்கி எழுந்தாள். மேசையில் கிடந்த நெருப்புப் பெட்டியை எடுத்தாள். ஒரு குச்சியை உரசினாள். திரிக்குக் கிட்டே கொண்டு போனாள்...

பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள் விமலராணி. அழுகை போன இடம் தெரியவில்லை.

"கொளுத்தாதை பிள்ளை!"

"ஏன்?"

"கூடாது. பிள்ளைக்குக் கூடாது."

"செத்த பிள்ளைக்கு இனி என்ன அன்ரி கூடாது?"

குச்சி விரலைச் சுட்டது. சாரங்கி ஊதி அணைத்தாள்.

விமலராணி கதிரையில் பொத்தென்று விழுந்தாள்.

"பொலிசுக்குப் பொய் சொல்லச் சொன்னவன். சொன்னன். அழச் சொன்னவன். அழுதன். உயிரோட இருக்கிற பிள்ளையின்ர படத்துக்கு விளக்குக் கொளுத்தவும் மாலை போடவும் எந்தத் தாய்க்கு மனம் வரும், பிள்ளை? செத்த வீட்டுத் துடக்குக் காத்தா அது அவனையெல்லோ பிடிக்கும்!"

"அப்ப உயிரோட இருக்கிறான்?"

"ஓம். தன்ர ரத்தத்தைத் தானே கையில வெட்டி ஊத்தினவன். துஷாந்தன்தான் காரில ஏத்திக்கொண்டு போனவன். எங்கையோ கடற்கரைப் பக்கத்து வீடாம். இடம் எனக்குச் சொல்லேல்லை."

"போன் எடுத்தவனோ?"

"இன்னும் இல்லை. எல்லாம் அடங்கின பிறகு எடுக்கிறன் எண்டவன்." அவள் சாரங்கியின் கையை மறுபடி பிடித்தாள். "ஆக்கள் கொல்லுவம் எண்டு எழுதினவை பிள்ளை. அதாலதான் ஒளிச்சவன். அவனைப் பிடிச்சு மறியலில அடைச்சுப் போட்டிடாதை."

"உயிரோட கூட்டிக்கொண்டு வாறன். முதல்ல நீங்கள் ரெண்டு அறை குடுங்கோ, பிறகு நான் குடுக்கிறன்."

விமலராணி சிரித்தேவிட்டாள். நல்ல சிரிப்பு.

திரும்பி வரும் வழியெல்லாம் சாரங்கிக்கு உள்ளுக்குள் பூரிப்பு. சுழியோடி, மோப்ப நாய், ஆய்வுகூடம்... இத்தனை பேரை ஒரு மீன் பொரியல் தோற்கடித்துவிட்டதே!

ஹென்ரிக் நம்பவில்லை.

"விளக்கு ஏற்றவில்லை என்பதற்காகக் கொலைகாரனை விடச் சொல்கிறாயா?"

"தாயே சொல்லிவிட்டாள். செத்துப்போனதாக நாடகம். அந்தக் கோமாளிகளிடம் இரண்டாம் தரம் வசூலிக்க."

"ஆளைக் கண்ணால் பார்த்தாயா?"

"எங்கள் சனத்தை உங்களுக்குத் தெரியாது ஹென்ரிக். தாய்மார் எதையும் நடிப்பார்கள். இதை மட்டும் நடிக்க மாட்டார்கள்."

ஹென்ரிக் பெருமூச்சு விட்டார். "பொறுப்பு உன்னுடையது."

"என்னுடையதுதான்."

அவள் துஷாந்தனின் கதவைத் திறந்தாள்.

"எழும்பும். நல்ல செய்தி. ஜெரோசன் உயிரோட இருக்கிறான்."

துஷாந்தன் கண்ணை மூடினான். நெஞ்சில் கை வைத்தான். "முருகா... நன்றி அக்கா. உங்களுக்கு விளங்கும் எண்டு எனக்குத் தெரியும்."

"முதலே சொல்லியிருக்கலாம்தானே?"

"சொன்னா, தப்ப வழி தேடுறன் எண்டிருப்பினம்."

நியாயம்தான். பெல்ட்டைக் கொடுத்தார்கள். மணிக்கூட்டைக் கொடுத்தார்கள். அவன் கையெழுத்துப் போட்டான்.

"கார் எப்ப தருவினம் அக்கா?"

"ஒரு கிழமை செல்லும்."

"என்ர கம்ப்யூட்டர்?"

"அதுவும்தான்."

"அப்ப நான் ரெயினில போறன். ஓல்போர்க் ரெயினுக்கு எங்க மாறோணும்?"

சொன்னாள். அவன் தலையாட்டினான். ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்துவிட்டான். கண்ணாடிக் கதவு அவனுக்காகத் திறந்தது.

சாரங்கியின் பூரிப்பு அங்கேதான் நின்றது.

செய்யாத கொலைக்கு உள்ளே கிடந்திருக்கிறான். செத்தவன் உயிரோடு இருக்கிறான் என்று செய்தி வருகிறது. வேறு எவனாக இருந்தாலும் முதலில் வாயில் வருவது என்ன? 'எங்க அந்த நாய்? ஏன் வாய் திறக்கேல்லை?' என்றுதானே!

இவன் காரைக் கேட்டான். கம்ப்யூட்டரைக் கேட்டான். ரெயினைக் கேட்டான்.

ஆளைக் கேட்கவில்லை...

அந்த வீட்டுக்குப் போகச் சொன்னதே இவன்தான்!

"நில்லும்."

நின்றான்.

"எங்க அவசரம்? வாரும், ரெண்டு பேருமா என்ர காரில போவம்."

"எங்க?"

"ஜெரோசனிட்ட. அந்தக் கடற்கரை வீட்டுக்குத்தான். உம்மை மாட்டி விட்டவனை நாக்கைப் புடுங்கிற மாதிரி நாலு கேள்வி கேக்க உமக்கு ஆசை இல்லையோ?"

துஷாந்தனின் முகம் வெளிறியது. கதவு ஆளில்லாமல் திறந்து மூடியது. திறந்து மூடியது.

"நான்... எனக்கு அவனைப் பாக்க விருப்பமில்லை."

"பாக்க விருப்பமில்லையோ, பாக்க ஒண்டும் மிச்சமில்லையோ?"

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்தான்.

"அவனைச் சாக்காட்ட நான் போகேல்லை அக்கா. பொலிஸ் என்னைப் பிடிக்க முதல், சாப்பாடு குடுக்கத்தான் போனன். கேக் கூட வாங்கிக்கொண்டு போனன்."

"பிறகு?"

"லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். காசு விழுந்துகொண்டே இருக்கு. சிரிக்கிறான். 'மச்சான், இனி கேமே தேவையில்லை. உன்ர புரோகிராமைத் தூக்கிக் குப்பையில போடு. அடுத்த வருசம் உயிரோட திரும்பி வாறன், அதுக்கும் ஒரு வசூல் வைப்பம்' எண்டான். நாலு வருசம் அக்கா! ஒவ்வொரு அலையும் நான் எழுதினது. கடைசிக் கட்டம்தான் மிச்சம். குப்பையாம்!"

"அதுக்கு?"

"விறகுக்கட்டை கைக்குக் கிட்டக் கிடந்தது."

"ஆள் இப்ப எங்க?"

"வீட்டுக்குப் பின்னால. மணலுக்குள்ள."

சாரங்கி சுவரில் சாய்ந்தாள். விளக்கு ஏற்றாத தாய் உண்மையைத்தான் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த உண்மையை. அதையே சாட்சியாக வைத்துத் தப்பப் பார்த்திருக்கிறான் இவன். டேனிஷ்காரரிடம் எடுபடாது. இன்னொரு தமிழ் ஆள்தான் ஏமாற வேண்டும்!

காசு போட்ட கூட்டத்தை விசர்க் கூட்டம் என்றாளே... தானும் அதே கூட்டம்தான். ஆசைப்பட்டதைக் காட்டினான், உடனே நம்பினாள். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

செய்தி சொல்ல அவளே போனாள். வேறு யாரையும் அனுப்ப மனம் வரவில்லை.

விமலராணி கதவைத் திறந்தாள். சாரங்கியின் முகத்தைப் பார்த்தாள். பின்னால் யாரும் வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குசினிக்குப் போய் அடுப்பை நிறுத்தினாள். பிறகு அழுதாள். இந்த முறை அளவில்லாமல் அழுதாள்.

சாரங்கி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.  

செய்தி வெளியே வந்த அன்று மத்தியானம் சாரங்கியின் மேசைப் போன் அடித்தது.

"மேடம், வணக்கம். டோஸ்ட்ருப்ல இருந்து சுப்புராஜ் பேசறேன். ஐடில இருக்கேன். கறுப்புக் கப்பலுக்குப் பணம் போட்டவங்க குரூப்புக்கு நான்தான் அட்மின்."

"சொல்லுங்கோ. காசு திரும்பக் கேக்கிறதெண்டா அது வேற பிரிவு."

"சேச்சே, பணம் கிடக்குது மேடம். ரொம்ப ஷாக்கிங். எங்க எல்லாருக்கும் தூக்கமே இல்ல. ஜெரோசன் சார் ஒரு லெஜண்ட்..."

"ம்."

"ஒரு சின்ன டவுட் மேடம். துஷாந்தன் சார் கடைசிக் கட்டம் மட்டும்தான் பாக்கின்னு நியூஸ்ல பார்த்தோம். ஜெயில்ல அவருக்கு ஒரு லேப்டாப் அலோ பண்ணுவாங்களா? நாங்களே கலெக்ட் பண்ணி வாங்கித் தர்றோம்."

சாரங்கி ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தாள். மறுபடி காதில் வைத்தாள்.

"கேட்டுப் பாருங்கோ, குடுப்பினம்," என்றாள். "இந்த முறை சொன்ன தேதிக்குக் கேம் வரும். அலை சரியா வருதோ எண்டு பாக்கக்கூட அவனை இனிக் கடற்கரைக்கு விடமாட்டினம்."