எட்டு ஓட்டைப் பெட்டி

அந்தப் பெட்டியை முதலில் சந்தேகப்பட்டவர் அப்பா.

சாப்பாட்டு மேசையிலிருந்து தூக்கி, காதருகே வைத்துக் குலுக்கினார். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். எதைக் கொடுத்தாலும் குலுக்கிப் பார்ப்பார். போன வாரம் தர்பூசணியைக்கூடக் குலுக்கினார்.

"உள்ள எதுவும் ஆடல" என்றார். "அதுதான் சந்தேகமா இருக்கு."

"ஆடியிருந்தா?" என்றாள் அம்மா.

"அப்பவும் சந்தேகம்தான்."

இரண்டாவதாகச் சந்தேகப்பட்டவள் இன்ஸ்பெக்டர். வயது பத்து. பால் பாக்கெட்டில் தேதியைப் பார்க்காமல் பால் குடிக்க மாட்டாள். தம்பி பல் தேய்த்துவிட்டேன் என்று சொன்னால், போய் அவன் பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். அதனால்தான் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

பெட்டி கறுப்பாக, தட்டையாக இருந்தது. முன்பக்கம் வரிசையாக எட்டு ஓட்டைகள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு திருகு.

"இதுக்குப் பேரு ப்ரீஆம்ப்" என்றாள் அம்மா. "மைக்ல வர்ற சத்தம் ரொம்ப மெல்லிசா இருக்கும். அதைப் பெருசாக்கிக் கொடுக்கும். எட்டு ஓட்டைக்கு எட்டு மைக்."

"எட்டு ஓட்டைப் பெட்டி" என்றான் தம்பி. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வீட்டின் பின்அறை அம்மாவின் ஸ்டுடியோ. சுவரெல்லாம் பழைய மெத்தை. ஜன்னலுக்கு இரட்டைப் போர்வை. அங்கே பேசினால் குரல் வாயை விட்டு வந்ததும் பொத்தென்று விழுந்துவிடும். அம்மாவின் மேசைக்கு அடியில்தான் இன்ஸ்பெக்டர் வீட்டுப்பாடம் எழுதுவாள். உலகத்திலேயே அமைதியான இடம் அது.

மேசைமேல் ஏற்கெனவே ஒரு சின்ன ஆடியோ பெட்டி இருந்தது. மைக் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது அதுதான். ஆனால் அதில் இரண்டே இரண்டு மைக்தான் செருகலாம்.

டிப்போவில் ஏழு ஓட்டுநர்கள் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். போன மாதம் அம்மாவிடம் பாட்டுப் பதிய வந்தார்கள். இரண்டு மைக்கைச் சுற்றி ஏழு பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவருக்குப் பட்டப்பெயர் ஹாரன். பதிவில் அவர் குரல் மட்டும்தான் கேட்டது. மற்ற ஆறு பேரும் வாயைத் திறந்ததற்கு ஆதாரமே இல்லை.

"ஆளுக்கொரு மைக் இருந்தா இங்கயே பாடறோம்" என்று ஹாரன் சொன்னார். "இல்லன்னா பெரிய ஸ்டுடியோவுக்குப் போகணும். தப்பா நினைக்காதீங்கம்மா."

மைக்குகளை அம்மா தோழிகளிடம் இரவல் வாங்கிவிட்டாள். ஓட்டைகள்தான் போதவில்லை.

இந்த வேலையும் கைநழுவிப் போனால் அறையை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று அம்மாவே சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்குத் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. இன்ஸ்பெக்டர் தட்டைக் கவனித்தாள்.

இப்போது பெட்டி வந்துவிட்டது. நாளை காலை ஏழு பேரும் வருகிறார்கள். ஏழு பேருக்கும் ஒரே நாளில் விடுமுறை கிடைப்பது, பஸ் சரியான நேரத்துக்கு வருவதைவிட அபூர்வம்.

"யார்கிட்ட வாங்கினே?" என்றார் அப்பா.

"அடுத்த தெரு பல் டாக்டர்கிட்ட. பழசுதான். ஆனா ரொம்ப மலிவு."

"மலிவா? ஏன் மலிவு?"

"அதை அவர்கிட்டதான் கேக்கணும்."

இன்ஸ்பெக்டர் கையைக் கட்டிக்கொண்டாள். "பெட்டியைப் பத்தி என்ன சொன்னார்?"

"ஒரு குறையும் இல்லன்னு சொன்னார்."

"என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினப்ப, வலிக்காதுன்னு சொன்னார்."

"சரி, அதுக்கு?"

"வலிச்சுது."

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா பெட்டியை மேசையில் வைத்தாள். எட்டு ஓட்டைப் பெட்டியிலிருந்து சின்னப் பெட்டிக்கு ஒரு மெல்லிய வயரை மாட்டினாள். மாட்டுவதற்கு முன் வயரின் நுனியைத் தம்பியிடம் காட்டினாள். அதில் சிவப்பாக ஒரு வெளிச்சம். அவன் உள்ளங்கையில் ஒரு புள்ளி விழுந்தது.

"எட்டு குரலும் இந்த வெளிச்சத்துலதான் போகும்."

"இவ்வளவு மெல்லிசு வயர்லயா?" என்றாள் இன்ஸ்பெக்டர். அவளுக்கு இந்த வயர்மீதும் நம்பிக்கையில்லை.

தம்பி மைக் முன்னால் நின்று தன் சொந்தப் பாட்டைப் பாடினான். "பாம் பாம் பஸ்ஸு, பின்னால போ, பாம் பாம்." அவ்வளவுதான் பாட்டு. அம்மா பதிந்ததைப் போட்டுக் காட்டினாள்.

பாம் பாம் பஸ்ஸு, பின்னால போ, பாம் பாம். டிக்.

"அது என்ன டிக்?" என்றார் அப்பா.

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் நாக்கைச் சொடுக்குவதில் கெட்டிக்காரன்.

"நான் இல்ல!"

அவனை வெளியே அனுப்பிவிட்டு வெறும் அறையைப் பதிந்தார்கள். டிக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிக்.

ஃபிரிட்ஜை நிறுத்தினார்கள். டிக். மின்விசிறியை நிறுத்தினார்கள். டிக்.

"உங்க முட்டியா?" என்று அம்மா கேட்டாள். அப்பாவின் முட்டி அவ்வப்போது சத்தம் போடும்.

"என் முட்டியையா சந்தேகப்படறே?" அப்பா நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார். டிக்.

கடைசியில் அம்மா எல்லா மைக்கையும் பிடுங்கினாள். எட்டு ஓட்டையும் காலி. அப்போதும் டிக்.

எட்டு ஓட்டைப் பெட்டியைக் கழற்றிவிட்டுச் சின்னப் பெட்டியில் மட்டும் பதிந்தாள். டிக் சத்தமே இல்லை.

"போச்சா?" என்றார் அப்பா. "நம்ம சின்னப் பெட்டி தங்கம். டாக்டர் நம்ம தலைல கட்டிட்டார்."

அம்மா போனைக் கையில் எடுத்தாள். ஹாரனுக்குச் சொல்ல வேண்டும். எடுத்த போனை மறுபடி கீழே வைத்தாள்.

"சாயந்திரம் வரைக்கும் பாக்கலாம்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் செருப்பை மாட்டினாள். "நான் டாக்டர்கிட்ட போறேன்."

"போய்?"

"விசாரிக்கப் போறேன்."

"சண்டை கிண்டை போடாதே."

தம்பியும் கூட வந்தான். ஆனால் பல் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுகொண்டான். "நான் இங்கயே காவல் இருக்கேன்க்கா" என்றான், வாயைக் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு.

உள்ளே மருந்து வாசனை. இன்ஸ்பெக்டரின் நாக்கு தானாகவே அந்தப் பழைய கடைவாய் இடத்தைத் தேடிப் போனது.

"எந்தப் பல்?" என்றார் டாக்டர்.

"பல் இல்ல. பெட்டி."

டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கினார். அதற்குள் ஒரு பெரிய மீசை இருந்தது. இதையும் மறைத்துத்தான் வைத்திருந்திருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"டிக்டிக்னு சத்தம் வருது. உங்ககிட்ட இருந்தப்பவே வந்துதா?"

"இல்லையே. ஒரு நாளும் வந்ததில்ல."

"நிஜமாவா?"

"நிஜமா."

"பல்லைப் பிடுங்கினா வலிக்காதுன்னும் நிஜமாத்தான் சொன்னீங்க."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "வலிச்சுதா?"

"ரொம்ப."

"வலிக்கும்னு சொன்னா யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்கம்மா."

"நான் திறந்திருப்பேன்."

"திறந்திருப்பே போலத்தான் இருக்கு" என்றார் டாக்டர். "தப்பு என்மேலதான்."

அவள் விசாரணையை விடவில்லை. "ஏன் அவ்வளவு மலிவாக் கொடுத்தீங்க?"

டாக்டர் நாற்காலிக்குப் பின்னால் கையைக் காட்டினார். மூலையில் உறை போட்ட ஒரு கிட்டார் சாய்ந்திருந்தது.

"எட்டு பேர் சேர்ந்து வாசிச்சோம். ஒவ்வொருத்தரா வேலை கிடைச்சு வேற ஊருக்குப் போயிட்டாங்க. நான் மட்டும்தான் மிச்சம். ஒரு ஆளுக்கு எட்டு ஓட்டை எதுக்கு? யாராவது உபயோகப்படுத்தினா போதும்னு கொடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் கிட்டார் உறையில் விரலை வைத்து ஒரு கோடு இழுத்தாள். விரல் சாம்பல் நிறமாகிவிட்டது. அவர் சொன்னதற்கு அது சாட்சி.

"சத்தம் நிக்கலன்னா திருப்பிக் கொண்டு வந்துடுங்க" என்றார் டாக்டர். "நானே எடுத்துக்கறேன்."

ஏமாற்றுகிறவர் இப்படிச் சொல்ல மாட்டார். அவளுக்கு அதுதான் கஷ்டமாகப் போய்விட்டது. டாக்டர் பொய் சொல்லவில்லை. பெட்டி கெட்டுப்போகவும் இல்லை. அப்படியானால் யார்?

திரும்பி வரும் வழியில் தெருமுனையில் இரண்டு பஸ்கள், ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பக் காத்திருந்தன. இரண்டிலும் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

"அக்கா, பாரேன். ரெண்டும் சேர்ந்து எரியுது" என்றான் தம்பி. "இல்ல, போச்சு. ஒண்ணு முந்திடுச்சு. மறுபடி சேர்ந்துடுச்சு. போச்சு!"

"எந்த விளக்கு கெட்டுப்போயிருக்கு?" என்று வழக்கம்போலக் கேட்டாள் இன்ஸ்பெக்டர்.

"ரெண்டும் நல்லாத்தான் எரியுது."

அவள் நின்றுவிட்டாள்.

இரண்டுமே நல்ல விளக்குதான். ஆனால் இது தன் கணக்கில் எரிகிறது, அது தன் கணக்கில் எரிகிறது. அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகின்றன.

"உன் பாட்டைப் பாடு" என்றாள்.

"இங்கயா?"

"பாடு!"

"பாம் பாம் பஸ்ஸு, பின்னால போ, பாம் பாம்."

"டிக்" என்றாள் அவள். டிக் எப்போதும் அதே இடைவெளியில்தான் வந்தது. நாக்குச் சொடுக்கு அப்படி வராது. முட்டிச் சத்தமும் அப்படி வராது.

இருவரும் ஓடினார்கள்.

வீட்டில் அம்மாவின் காதில் போன் இருந்தது. மணி போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, கட் பண்ணு! ஒரே ஒரு கேள்வி!"

அம்மா கட் பண்ணினாள்.

"பெட்டிக்குள்ள எண்ணறது எதாவது இருக்கா? விளக்கு விட்டுவிட்டு எரியுமே, அந்த மாதிரி?"

"இருக்கே. ஒரு கடிகாரம் இருக்கும். ஒரு நொடியை ஆயிரக்கணக்கான துண்டா வெட்டித்தான் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்கு..."

"ரெண்டு பெட்டியும் தனித்தனியா எண்ணுதா?"

அம்மா போனை மேசையில் வைத்தாள். வாய் பாதி திறந்தபடி இருந்தது. பிறகு பின்அறைக்கு நடந்தாள். நடக்கவில்லை, ஓடினாள்.

கம்ப்யூட்டரில் எங்கேயோ ஒரு மூலையில் இருந்த பக்கத்தைத் திறந்தாள். யாருடைய கணக்கில் எண்ணுவது என்று சின்னப் பெட்டிக்குச் சொல்லும் இடம் அது. அம்மா அதை இதுவரை தொட்டதே இல்லை. ஒரே ஒரு பெட்டி இருந்தவரை தொட வேண்டிய அவசியமும் வரவில்லை. "சொந்தக் கணக்கு" என்று இருந்ததை மாற்றி, வெளிச்ச வயர் வழியாக வரும் கணக்கைக் கேட்கச் சொன்னாள்.

"பாடுடா" என்றாள்.

தம்பி பாடினான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிவைக் கேட்டார்கள். பாம் பாம் பஸ்ஸு, பின்னால போ, பாம் பாம்.

ஒன்றுமில்லை.

இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். ஒன்றுமில்லை. பாடாமல் நிற்கச் சொன்னார்கள். அதுதான் அவனுக்குச் சிரமமாக இருந்தது. அப்போதும் ஒன்றுமில்லை.

"நான் இப்ப அசையலாமா?" என்று நாற்காலியிலிருந்து கேட்டார் அப்பா.

அம்மா சின்னப் பெட்டியின் தலையில் லேசாகத் தட்டினாள். "இதுதான் குற்றவாளி. பாவம், தனியாவே இருந்து பழகிடுச்சு. இன்னொருத்தர் வந்து எண்ணறதைக் கேக்கவே இல்ல. ரெண்டு கணக்கும் விலகினப்பல்லாம் ஒரு டிக்."

மறுநாள் காலை ஏழு ஓட்டுநர்களும் வர வேண்டிய நேரம். வெகுநேரம் யாரையும் காணோம். பிறகு ஏழு பேரும் ஒரேயடியாக வந்தார்கள். ஏழு மைக். ஏழு ஓட்டை. அம்மா ஹாரனின் திருகை மட்டும் நன்றாகக் குறைத்து வைத்தாள்.

முதல் பாட்டு முடிந்ததும் போட்டுக் காட்டினாள். ஓட்டுநர்களில் ஒல்லியானவர் காதில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இது யார் குரல்?"

"உங்க குரல்தாங்க" என்றாள் அம்மா.

"என் குரலா! இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் கேக்கறேன்."

"அடுத்த மாசமும் இங்கதான் வர்றோம்" என்றார் ஹாரன். "இன்னும் பத்துப் பாட்டு இருக்கு. கூட வாசிக்க ஒரு ஆள் இருந்தா அமோகமா இருக்கும்."

மேசைக்கு அடியில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தாள். கடைசி ஓட்டை காலியாக இருந்தது.

அவள் எழுந்து அடுத்த தெருவுக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது. மாடியில்தான் டாக்டரின் வீடு. மணியை அடித்தாள். டாக்டர் முகமூடி இல்லாமல் வந்து கதவைத் திறந்தார்.

"சத்தம் நிக்கலையா? கொண்டு வந்துட்டீங்களா?"

"நின்னுடுச்சு. தப்பு எங்க பெட்டிலதான். நீங்க பொய் சொல்லல" என்றவள், "பெட்டியைப் பத்தி மட்டும்" என்று திருத்திக்கொண்டாள். "கிட்டாரை எடுத்துக்கிட்டு வாங்க. ஒரு ஓட்டை மிச்சம் இருக்கு."

"நானா?" டாக்டர் ஓரடி பின்னால் போனார். "தொட்டே ரொம்ப நாளாச்சும்மா. விரலெல்லாம் மழுங்கிப் போயிருக்கும். அத்தனை பேருக்கு முன்னாடி வாசிக்கணும்னா..."

அவர் கை மீசையைத் தடவிக்கொண்டே இருந்தது. பெரியவர்களுக்கும் இந்த மாதிரி முகம் உண்டு என்று அவளுக்கு அதுவரை தெரியாது. நாற்காலியில் படுத்து வாயைத் திறப்பதற்கு முன்னால் வருமே, அந்த முகம்.

இன்ஸ்பெக்டர் யோசித்தாள்.

"கொஞ்சம் வலிக்கும்" என்றாள்.

டாக்டர் கிட்டாரை எடுக்க ஆஸ்பத்திரிச் சாவியோடு கீழே இறங்கினார்.