பூட்டிய அறையும் மேலகரத்துக் குரங்குகளும்

காலை 7.10க்கு ஸ்வாதி பூட்டைத் திறந்தாள். கதவு பாதி திறந்ததும் எதிலோ முட்டி நின்றது. தலையை நீட்டி உள்ளே பார்த்தவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மேலகரத்தில் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி அது. பிள்ளைகள் இருபத்து மூன்று பேராகக் குறைந்துபோனதால் மூன்று வகுப்பறைகள் சும்மா கிடந்தன. அதில் பெரிய அறையைக் கேட்டு வாங்கி, அங்கே தன் பொறுப்பில் ஒரு மழலையர் பள்ளி தொடங்க எட்டு மாதமாக அலைந்தவள் ஸ்வாதி. அன்று பதினொரு மணிக்கு அதிகாரிகள் ஆய்வுக்கு வருவதாக இருந்தது. இப்போது அந்த அறையில் மெத்தைகள் பஞ்சு பிதுங்கிக் கிடந்தன. படப் புத்தகங்கள் தாள் தாளாகப் பறந்திருந்தன. புது மஞ்சள் சுவரில் கைத்தடமும் கால்தடமும். குரங்குகள்.

8.05க்கு எஸ்.ஐ. முத்துவடிவு வந்து இறங்கினார். ஐந்தருவியில் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவரை, பள்ளியின் தாளாளர் குமரகுரு போன் போட்டு வரவழைத்திருந்தார். சாரலில் நனைந்த தொப்பியைக் கழற்றி உதறியபடி முத்துவடிவு கேட்டார்: "குரங்கு பண்ணுனதுக்குப் போலீஸ் எதுக்கு அண்ணாச்சி?"

"குரங்கை உள்ள விட்டது ஒரு மனுசன்லா!" குமரகுரு கையை நீட்டினார். வராந்தா ஓரத்தில் பெயிண்டர் ஸ்டான்லி தலையைத் தொங்கப் போட்டு நின்றான். "நேத்து இவனை நாலு வார்த்தை சத்தம் போட்டேன். அந்தக் கோவத்துல, ஜன்னல் வலையைத் திறந்து போட்டுட்டுப் போயிருக்கான். கேஸ் எழுதுங்க."

"திறக்கலை மேடம்," என்றான் ஸ்டான்லி முத்துவடிவிடம். "கொக்கிக்குப் பெயிண்ட் அடிச்சு, திரும்ப மாட்டிட்டுத்தான் போனேன்."

முத்துவடிவு அறைக்குள் நுழைந்தார். ஜன்னலுக்கு இரும்புக் கம்பிகள். கம்பிக்குக் கம்பி ஆறு அங்குலம், குரங்கு உடம்பை ஒடுக்கினால் நுழைந்துவிடும். கம்பிகளுக்கு உள்பக்கம் வலை போட்ட சட்டம். அதன் கொக்கி வளையாமல், உடையாமல் அழகாகக் கழற்றப்பட்டிருந்தது. தரையில் வாழைப்பழத் தோல்கள். தலைக்கு மேலே, வெள்ளை மேகங்கள் வரைந்த ஃபால்ஸ் சீலிங் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது.

"பழம் நீங்க வச்சதா?"

"இல்லை மேடம். தின்கிற சாமான் எதுவும் உள்ள வைக்கலை." ஸ்வாதி புத்தகத் தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஸ்வாதி, வெளிய வாம்மா. அப்புறமா பொறுக்கலாம்," என்று வாசலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல். தூணில் சாய்ந்தபடி தலைமை ஆசிரியர் காந்திமதிநாதன். ஆபீஸ் கதவு பூட்டியிருக்க, வராந்தாவில் நாற்காலிகளைப் போட்டு எல்லாரையும் அங்கேயே உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். "நீங்களும் வெளிய வந்து பேசலாமே மேடம்."

"உள்ள வந்து பாருங்க சார்."

"பெயிண்ட் வாடை எனக்கு ஆகாது. இழுப்பு வந்துரும்."

முத்துவடிவு தலையாட்டிவிட்டுச் சுவரோரத்துக் குட்டை மேசையிடம் போனார். மேசை மேல் வட்டமாக ஈரம். பக்கத்தில் நாலைந்து கூழாங்கற்கள். சுவர் பிளக் காலியாக இருந்தது. அதன் சுவிட்ச் அணைந்திருந்தது.

"இங்க என்ன இருந்துச்சு?"

ஸ்வாதி அப்போதுதான் அந்தப் பக்கம் திரும்பினாள். "மீன் தொட்டி! பரங்கிக்காய் மாதிரி உருண்டைக் கண்ணாடி. அஞ்சு மீன். அதையும் உடைச்சிருச்சா?"

"நேத்து எப்ப பூட்டுனீங்க?"

"ஆறரைக்கு. ஸ்டான்லி அண்ணன் எனக்கு முன்னாடியே போயிட்டாரு. மீனுக்குத் தீனி போட்டுட்டு நான்தான் பூட்டினேன்."

"தொட்டிக் காற்று மெஷின்?"

"ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதை அணைக்கவே மாட்டோம்."

"சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட, தென்காசிக்குக் கொண்டு போயிட்டேன். இன்னொண்ணு ஆபீஸ்ல."

9.15. முத்துவடிவு வராந்தாவுக்கு வந்தார். குமரகுரு கடிகாரத்தைப் பார்த்தார். "கேஸ் எழுதியாச்சா?"

"ஸ்டான்லியை வீட்டுக்கு அனுப்பலாம் அண்ணாச்சி."

"என்ன சொல்லுதீங்க?"

"அந்த மேசையைச் சுத்தி ஒரு கண்ணாடிச் சில்லுகூட இல்லை. தொட்டி உடையலை, வெளிய போயிருக்கு. கம்பி இடுக்குல அது நுழையாது. வாசல் வழியாத்தான் போகணும். குரங்கு வயரைப் பிய்க்கும், சுவிட்சை அணைச்சுட்டுப் பிளக்கைப் பிடுங்காது. யாரோ சாவி போட்டுத் திறந்து, மீனை மொதல்ல பத்திரமா எடுத்துட்டு, அப்புறமா வலையைத் திறந்து பழத்தை வச்சுட்டு, திரும்பப் பூட்டியிருக்காங்க. ஸ்டான்லிகிட்ட சாவி கிடையாது." காந்திமதிநாதனிடம் திரும்பினார். "சார், ஆபீஸைத் திறக்கீங்களா?"

அவர் சட்டைப்பையில் கைவிட்டார். எடுத்த சாவியைக் கையிலேயே வைத்திருந்தார். கடைசியில் ஸ்டான்லிதான் வாங்கித் திறந்தான். பீரோவுக்குப் பின்னால், ஈரத் துண்டு போர்த்திய உருண்டைத் தொட்டி. காற்று மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"சார்... நீங்களா?" ஸ்வாதி துண்டை விலக்கி மீன்களைப் பார்த்தாள். "இங்க பால்வாடிப் பிள்ளைகளைச் சேர்த்தாத்தான் நம்ம ஸ்கூல் பிழைக்கும்னு என்னைக் கூப்பிட்டதே நீங்கதான?"

அவர் நாற்காலியில் சரிந்தார். "கொஞ்சம் கலைச்சுப் போடும், ஆய்வு தள்ளிப்போகும்னு நினைச்சேம்மா. இவ்வளவு நாசம் பண்ணும்னு நினைக்கலை. விடியுமுன்ன வந்தேன். அந்த மீனைப் பாத்ததும் மனசு கேக்கலை."

"எதுக்குத் தள்ளிப்போகணும்?"

குமரகுரு இடையில் புகுந்தார். "வயசாயிட்டுல்லா, புத்தி தடுமாறுது. சரி, விடுங்க மேடம். நான் பேசிக்கிடுதேன்."

"இப்பதானே கேஸ் எழுதச் சொன்னீங்க?" முத்துவடிவு காந்திமதிநாதனின் வலது தோளைக் காட்டினார். வெள்ளைச் சட்டையில் பச்சை அப்பியிருந்தது. "வராந்தாத் தூணுக்கு நேத்துதான் பெயிண்ட் அடிச்சிருக்கு. வாடை இன்னும் போகலை. ஒரு மணி நேரமா அதுலயே சாஞ்சு நின்னீங்க. இழுப்பு வரலை. அந்த அறைக்குள்ள மட்டும் காலெடுத்து வைக்க மாட்டேங்கீங்க. யார் உள்ள போனாலும் வெளிய கூப்பிடுதீங்க. உங்களுக்குப் பயம் பெயிண்டு மேல இல்லை சார். தலைக்கு மேல என்ன இருக்கு?"

காந்திமதிநாதன் தாளாளரைப் பார்த்தார். அப்புறம் ஸ்வாதியை.

"ஸ்டான்லி, ஏணியைப் போடு," என்றார் முத்துவடிவு.

ஒரு மேகத்தை நெம்பி எடுத்ததும் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. டார்ச் வெளிச்சத்தில் மேலே துருப்பிடித்த கம்பிகள் விலா எலும்பு போலத் துருத்திக்கொண்டிருந்தன. கை நுழையும் அகலத்துக்கு ஒரு வெடிப்பு, சுவருக்குச் சுவர் ஓடியது.

"கோடை மழைல ஒரு பாளம் பேந்து விழுந்துச்சு," என்றார் காந்திமதிநாதன். "நான்தான் கூட்டி அள்ளினேன். தாளாளர்கிட்ட சொன்னேன். மறுவாரமே இந்தச் சீலிங்கைப் போட்டு மூடிட்டாரு. வாயைத் திறந்தா என் பென்சன் பேப்பர் நகராதுன்னு சொன்னாரு. வார மே மாசம் ரிட்டயர்டு. வீட்டுக்காரி சீக்காளி. வாயைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லாமப் போச்சும்மா."

குமரகுரு கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். "இங்கனயே இருங்க அண்ணாச்சி," என்று முத்துவடிவு சொன்னதும் நின்றுவிட்டார்.

ஸ்வாதி அந்த வெடிப்புக்கு நேர் கீழே தரையைப் பார்த்தாள். சின்னச் சின்னப் பாய்கள் வட்டமாக விரித்திருந்த இடம். "நடுப் பாய் என் மக அபிக்கு," என்றாள். குனிந்து அந்தப் பாயைச் சுருட்டத் தொடங்கினாள். முத்துவடிவு அவள் கையைப் பற்றி வெளியே அழைத்து வந்து, தண்ணீர் கொடுத்தார்.

"புகார் உங்களோடது. ஹெட்மாஸ்டர் மேல எழுதணுமா?"

ஸ்வாதி தண்ணீரைக் குடித்து முடித்தாள். "எட்டு மாச உழைப்பு மேடம். கோவம் போகலை. ஆனா எழுத வேண்டாம்." பிறகு காந்திமதிநாதன் முன்னால் போய் நின்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா சார்? நான் உங்க பேரைச் சொல்லியிருக்க மாட்டேனே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

11.10. வாசலில் ஜீப் வந்து நின்றது. இரண்டு அதிகாரிகள் கோப்புகளோடு இறங்கினார்கள். குமரகுரு வேட்டியைச் சரிசெய்துகொண்டு சிரித்த முகமாக முன்னால் போனார். அவரைத் தாண்டி, அந்த வயதுக்கு யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் நடந்து, காந்திமதிநாதன் அறை வாசலில் போய்க் குறுக்கே நின்றார்.

"உள்ள வராதீங்க சார்," என்றார். குரல் வராந்தாவின் கடைசி வரை கேட்டது. "மேற்கூரை சரியில்லை. எனக்கு முன்னாடியே தெரியும். எழுதிக் குடுக்கேன்."