திருமுருகனின் கார்வெள்ளி

பெட்டகம் காலி. சனிக்கிழமை மாலை, தஞ்சாவூர்ப் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஹாஜா மைதீனின் செல்போன் கடை மாடியில், சுடர்விழி திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

காணாமல் போனது கார்வெள்ளி. பூமியில் எங்கும் கிடைக்காத உலோகம். 'பாழ்மலை' என்ற கேமில் மட்டுமே உண்டு. அதிலும் லேசில் அகப்படாது. அவள் தம்பி திருமுருகன் வருடக்கணக்கில் தோண்டி ஒரே ஒரு கட்டி எடுத்தான். எடுத்த வாரமே பைக் விபத்தில் போய்ச் சேர்ந்தான். அந்தக் கட்டியில் அவன் பெயரில் வாள் அடித்து, கோட்டை வாசலில் நட்டு வைப்பதாக அவன் கூட்டாளிகள் மூவரும் அவளிடம் சத்தியம் செய்திருந்தார்கள். இன்றுதான் அந்த நாள்.

கார்வெள்ளிக்கு ஒரு குணம். தோண்டியவனின் கணக்கை அழித்தால், அது எவன் கையில் எந்த உருவில் இருந்தாலும் துருவாக உதிரும். தம்பியின் கணக்கை அவள் மூடவில்லை. அவன் பேசிப் பதிந்த குரலெல்லாம் அதில்தான் இருந்தது. சோறு இறங்காத நாட்களில் போட்டுக் கேட்பாள்.

கேமில் கட்டியை வைத்திருந்த அந்தப் பெட்டகம் ஒரு குளத்துக்கு அடியில் இருந்தது. மடைப் பலகையைத் தூக்கி நீரை வடித்தால்தான் உள்ளே போகலாம். கடவுச்சொல் மூவருக்கும் தெரியும். நேற்றுக் காலை வரை கட்டி இருந்தது. எடுத்தது யாரென்று கேம் காட்டாது. சுடர்விழி மடையை நெருக்கிப் பார்த்தாள். பலகை இறங்கியிருந்தது. அடியில் வைக்கோல் திணித்து, மேலே சேறு அப்பியிருந்தது.

மூவரையும் வரவழைத்தாள்.

"ஜெகன், நேத்து எங்கடா இருந்தே?"

"வேதாரண்யத்துலக்கா. அப்பாவோட கடலுக்குப் போயிட்டு வந்து தூங்கிட்டேன்."

"ஹாஜா?"

"கடையிலதாங்கக்கா, தனியா. என்னைச் சந்தேகப்பட்டா தப்பில்லை."

"செழியன்?"

"ஒரத்தநாட்டுல, எங்க வயல்ல. கேமைத் தொடவே இல்லைக்கா. நாளைக்குத் திருச்சி கேம் போட்டிக்கு நல்ல வாள் இல்லேன்னு ஜெகன்தான் புலம்பினான்."

ஜெகன் அவனை முறைத்தான்.

"சரி, விடுங்க. பெட்டகத்துல ஆளுக்கொரு வேல் வச்சிருக்கேன். யார் சீக்கிரம் எடுக்கறீங்கன்னு பார்ப்போம்."

ஒவ்வொருவராகத் திரைமுன் உட்கார்ந்து ஆடினார்கள். ஜெகனின் வீரன் தன் வேலோடு ஓடினான். மடை திறந்தே கிடந்தது. ஹாஜா பலகையை இறக்கிவிட்டு எழுந்தான். செழியனும் இறக்கினான். பலகை ஓரம் நீர் கசிந்தது. அவன் கை நிற்கவில்லை. வைக்கோலை அள்ளித் திணித்தான், சேற்றை எடுத்து அப்பினான்.

"போதும்டா, எழுந்திரு," என்றாள் சுடர்விழி. "கசிஞ்சா கேமுக்கு என்ன நஷ்டம்? நீ எதுக்கு அடைச்சே? ஜெகனுக்குக் கடல், ஹாஜாவுக்குக் கடை. வயல்ல தண்ணி முறைக்கு மல்லுக்கட்டி வளர்ந்தவன் நீ ஒருத்தன்தான். திருடின அன்னிக்கும் இப்படித்தான் அடைச்சிட்டுப் போயிருக்கே."

செழியன் முகம் கறுத்தது. பிறகு துணிந்துவிட்டான்.

"ஆமா, எடுத்தேன். வாளாவும் அடிச்சாச்சு, திரும்பக் கட்டியாகாது. செத்தவனுக்கு எதுக்குக்கா வாள்?"

அடிக்கப் பாய்ந்த ஜெகனை அவள் தடுத்தாள்.

"கணக்கை அழிச்சா என்ன ஆகும் தெரியும்ல?"

"தெரியும். அவன் குரலை நீங்க அழிக்க மாட்டீங்க. அதுவும் தெரியும்."

"போய் ஆடு, போ."

ஞாயிறு பிற்பகல், திருச்சி. இறுதிச் சுற்று. பெரிய திரையில் செழியனின் வீரன் கரிய வாளை ஓங்கினான். கூட்டம் ஆர்ப்பரித்தது. மூன்றாம் வரிசையில் சுடர்விழி போனைக் காதோடு அழுத்தியிருந்தாள்.

"அக்கா, கிடைச்சிருச்சுக்கா. இன்னும் சாப்பிடலை, திட்டாதே."

தம்பியின் குரலை முழுதும் கேட்டாள். கண்ணைத் துடைத்தாள். கணக்கை அழித்தாள்.

திரையில் வாள் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடுத்த வெட்டில் வீரன் சாய்ந்தான். செழியன் கூட்டத்தில் அவளைத் தேடினான். பார்க்கட்டுமென்று அவள் எழுந்து நின்றாள். அவன் தலை குனிந்த பிறகே உட்கார்ந்தாள்.

பழக்கதோஷத்தில் போனை மறுபடி காதில் வைத்தாள். அதில் ஒன்றுமில்லை.