தொண்ணூறு கிலோ மனைவி

தொலைபேசி அலறியது.

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி மூன்று பேர். மேஜை மேல் கம்பளிக் கையுறைகள், கறுப்புக் கண்ணாடிகள், பனிமலை விடுதியின் வரைபடம்.

யாரும் அசையவில்லை.

"உங்க மாப்பிள்ளை கைக்கு எட்டுற தூரத்துலதான் ஃபோன் இருக்கு," என்றாள் மகள். "மகாராஜா எடுக்க மாட்டார்ப்பா."

"மகாராணி எந்திரிச்சா கிரீடம் விழுந்துடுமோ?" என்றான் மாப்பிள்ளை.

பெரியவர் முறைத்தார். இருவரும் அடங்கினார்கள்.

இந்தப் பயணமே அவர் போட்ட உத்தரவு. போன மாதம் இருவரும் விவாகரத்து என்று வாயெடுத்தபோது ஒரேயடியாக முடித்துவிட்டார்.

'இந்த வீட்டுல யாரும் பிரிஞ்சு போனதில்லை. செத்தாத்தான் பிரியணும். பனிமலைக்குப் போய் ஒண்ணா சறுக்கிட்டு வாங்க. எல்லாம் சரியாயிடும்.'

குடும்பத்துக்கென்று ஒரு பெயர் இருக்கிறது. அது தெருவுக்கு வரக்கூடாது.

அவரே ஃபோனை எடுத்தார்.

"சார், பனிச்சறுக்குச் சாமான் வாடகைக் கடை. மேடத்தோட விவரத்துல ஒரு சந்தேகம். எடை தொண்ணூறு கிலோ, நல்லா சறுக்கத் தெரிஞ்சவங்கன்னு சொல்லியிருக்கு. ஆனா பூட்ஸ் சைஸ் குழந்தை சைஸா இருக்கே?"

பெரியவர் மகளைப் பார்த்தார். ஊதினால் பறந்துவிடுவாள். பனியை ஃபோட்டோவில் மட்டுமே பார்த்தவள்.

"எடை எதுக்குங்க?"

"பூட்ஸை ஸ்கீ பலகையோட பிடிக்கிற கிளிப்பை எடைக்கும் பழக்கத்துக்கும் தகுந்த மாதிரிதான் முறுக்குவோம். ஆள் விழுந்தா அதுவா கழண்டுக்கணும். தொண்ணூறு கிலோவுக்கு இறுக்கினா ஒல்லியானவங்களுக்குக் கழண்டுக்காது. பலகை காலை முறிச்சு, ஆளை இழுத்துக்கிட்டே போயிடும்."

"இந்த எடையை யார் சொன்னது?"

"அவங்க வீட்டுக்காரர்தான்."

ஃபோனை வைத்தார்.

"மாப்பிள்ளை. என் பொண்ணு எந்தச் சரிவுல சறுக்கப் போறா?"

"உச்சியில இருந்துதான் மாமா. பக்கத்துலயே பள்ளத்தாக்கு. வியூ பிரமாதம்."

"எனக்குச் சின்னச் சரிவு போதும்னுதானே சொன்னேன்?" என்றாள் மகள்.

"தொண்ணூறு கிலோ பொண்டாட்டி உங்களுக்கு எங்க இருக்கா, மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை அவசரமாக வரைபடத்தை எடுத்து மடிக்கப் பார்த்தான். அது கையிலிருந்து நழுவியது.

"மாமா... அது... வாய் தவறி..."

"கொலைகாரா," என்றாள் மகள். குரல் உயரவே இல்லை. "போலீஸைக் கூப்பிடுங்கப்பா."

"போலீஸ் வண்டி நம்ம வாசல்ல நிக்கிறதா? சும்மா இரு." பெரியவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "உங்களை வீட்டுக்குள்ள விட்ட என்னைச் சொல்லணும். உங்க வளர்ப்பு அப்படி. எங்க ரத்தத்துல இந்தப் புத்தி ஒரு துளி கிடையாது."

மறுபடி ஃபோன்!

இந்த முறை ஸ்பீக்கரில் போட்டார். எல்லோரும் கேட்கட்டும்.

"நான்தான் சார், அதே கடை. மேடம் வீட்டுக்காரரோட பலகை ஜோடியை இப்பத்தான் எடுத்தேன். நூத்திப் பத்து கிலோ, போட்டிக்கெல்லாம் போறவர்னு இருக்கு. அது சரிதானே?"

மாப்பிள்ளை எழுபது கிலோ தேறமாட்டான். மாடிப்படி இறங்கவே கைப்பிடியைப் பிடிப்பவன்.

பெரியவர் ஃபோன் பக்கம் குனிந்தார்.

"அது... யார் சொன்னது?"

"மேடம்தான் சார். எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கச் சொன்னாங்க."

மகள் கையுறையை விரல் விரலாக மடிக்க ஆரம்பித்தாள்.

"நீங்கதானேப்பா சொன்னீங்க... செத்தாத்தான் பிரியணும்னு."

"அதான் மாமா," என்றான் மாப்பிள்ளை.

கல்யாணமான நாளிலிருந்து மனைவி சொன்னதை அவன் ஆமோதித்தது இதுதான் முதல் தடவை.

"சார், லைன்ல இருக்கீங்களா? இந்த ரெண்டு ஜோடியை என்ன பண்றது?"

எந்தச் சபையிலும் வளையாத முதுகு நாற்காலியில் சரிந்தது.

"ரெண்டும் வேண்டாம்ப்பா. அவங்க மலைக்கு வரலை, வக்கீல்கிட்ட போறாங்க. ரூமுக்குக் கட்டின பணம் வீணாக வேண்டாம், எனக்கு மட்டும் ஒரு ஜோடி எடுத்து வை."

"சறுக்கின பழக்கம் உண்டா, சார்?"

பெரியவர் மகளையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இல்லைப்பா. இந்தக் குடும்பத்துல நான் ஒருத்தன்தான் கத்துக்குட்டி."