தாடைச் சங்கிலியில் மூன்று கண்ணி

காலை 9.12. குதிரையேற்றப் போட்டித் திடலின் வாசலில் பழுப்புக் குதிரை பின்னங்கால்களில் எழுந்து நின்றது. அது நின்ற உயரத்தைப் பார்த்துப் பக்கத்துக் கொடிக்கம்பமே கூசிப்போனது என்பது கூடியிருந்தவர்களின் வாக்குமூலம்.

மேலே இருந்த ரொட்டிக்காரி மண்ணில் விழுந்தாள். குதிரையின் வாயோரம் ரத்தம் கசிந்தது.

"ரொட்டி வண்டி இழுத்ததுக்கெல்லாம் இரட்டைக் கடிவாளமா?" வெள்ளைக் குதிரை மேலிருந்தபடியே, வலக்கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, சாம்பியன் சிரித்தார்.

சங்கச் செயலாளர் தீர்ப்பே சொல்லிவிட்டார். "முரட்டுக் குதிரை. இனிமே இதுக்குத் திடல்ல இடமில்ல. கடிவாளத்தக் கழட்டுங்கப்பா."

ரொட்டிக்காரி எழுந்து குறுக்கே நின்றாள். "யாரும் தொடக்கூடாது. மொதல்ல நான் பாக்கணும்."

அந்தக் கடிவாளத்துக்கு இரும்பு தேர்ந்தெடுக்க அவளுக்கு ஆறு வாரம் ஆனது. மாப்பிள்ளை பார்க்க அதில் பாதிகூட ஆகவில்லை. குதிரையின் வாயைக் கயிற்றால் அளந்து, சேணக்காரர் கடையில் பதினோரு இரும்பு மாற்றி, இரண்டை எடுத்திருந்தாள்: மென்மையாகப் பேச ஒரு மெல்லிய இரும்பு, தலையைத் தாழ்த்தச் சொல்ல ஒரு நெம்பு இரும்பு. நெம்பு இரும்போடு, இரு பக்கமும் கொக்கியில் மாட்டிய ஒரு சங்கிலி தாடைக்கடியில் போகும். அதற்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும்; இறுகினால் வாயைக் கிழிக்கும்.

9.20. இப்போது ஒரு விரல்கூட நுழையவில்லை.

ஏறுமுன் அவள் சங்கிலியைத் தொட்டுப் பார்த்திருந்தாள், வழக்கம்போல் இடப்பக்கம் மட்டும். அங்கே மிச்சக் கண்ணி இரண்டு சரியாகத்தான் தொங்கியது. வலப்பக்கம் ஒன்றுமே தொங்கக் கூடாது. மூன்று தொங்கியது.

"சேணக்காரரே, வலப்பக்கக் கொக்கிய யாராவது தொடுவாங்களா?" என்று துணைக்கு வந்திருந்தவரைக் கேட்டாள்.

"எதுக்கும்மா? மாட்டுறது, கழட்டுறது எல்லாம் எடப்பக்கந்தான்."

"நான் நம்பர் அட்டை வாங்கப் போனப்ப?"

"வேலியோரம் கேரட்ட மென்னுட்டு நின்னுது. நான் கூடாரத்துக்குள்ள போயிட்டேன்."

"என்னை ஏம்மா பாக்குற?" என்றார் சாம்பியன். "எட்டு மணிக்கு ஏறினவன், இன்னும் கால் தரையில படல. ஊரே சாட்சி!"

9.31. வேலியோரம் புதிதாக வாரிய மணல். குதிரை நின்ற இடத்துக்கு இடப்பக்கம் அவளுடைய பூட்ஸ் தடம். வலப்பக்கம் மனிதக் கால் எதுவுமில்லை; எதிர்த்திசையிலிருந்து வந்து நின்று போன குளம்புகள் மட்டும்.

"ஒத்துக்கறேன் அண்ணே, நீங்க எறங்கல. எறங்கியிருந்தா பழக்கதோஷத்துல எடப்பக்கமே கை போயிருக்கும். எதிர்ல வந்து உரசி நிறுத்தினீங்க. எடக்கையில வார், வலக்கை சும்மா. அதுக்கு எட்டினது எங்குதிரையோட வலப்பக்கம். மூணு கண்ணி சுருக்கிட்டுப் போயிட்டீங்க."

"குளம்புல எம் பேரு எழுதியிருக்கா?"

"அந்தக் கையப் பையிலேர்ந்து எடுங்க."

எடுக்கவில்லை. செயலாளரே போய் இழுத்தார். வெள்ளைக் கையுறையின் விரல் நுனிகளில் கேரட் நிற நுரை காய்ந்திருந்தது.

"எறங்குங்க சார்," என்றார் செயலாளர். பிறகு அவளிடம், "குதிரை மேல குத்தமில்லம்மா. வாய் ஆறட்டும், அடுத்த வருஷம் வா."

"முரட்டுக் குதிரைன்னு இத்தன பேரு முன்னாடி சொன்னீங்கல்ல? இத்தன பேரும் இப்பவே பாக்கட்டும்."

அவள் இரண்டு இரும்பையும் கழற்றி அவர் கையில் திணித்தாள். வெறும் தலைக்கயிற்றோடு ஏறினாள்.

"கடிவாளம் இல்லாட்டி மார்க் கெடையாது!"

"நீங்களே வெச்சுக்கங்க."

10.05. பழுப்புக் குதிரை திடலை முழுதாகச் சுற்றியது. ஒவ்வொரு திருப்பத்திலும் கழுத்தைத் தானாகவே மடக்கிக் கொடுத்தது. விதிப்படி பூஜ்யம். அதை எழுத நடுவர் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. முன்வரிசையில் எல்லோரும் நின்று கைதட்டியதில், உட்கார்ந்திருந்தவருக்குத் திடலே தெரியவில்லை.