திறக்காமல் ஒதுக்கியவை

மீத்தேன் கடலிலிருந்து திரும்பியவர்கள் தலைக்கவசத்தில் ஒட்டியிருந்த பனியைத் தட்டியபடி டீக்கு வரிசையில் நின்றார்கள். டைட்டன் நிலவின் துறைமுகத்தில் எல்லா மாலையும் இப்படித்தான். அன்று ஆரோக்கியத்தின் படகு மட்டும் வரவில்லை. அவன் மனைவி ரெஜினா மீட்புக் கோபுரத்துக்கு ஓடினாள்.

"ஒரு சேதியும் வரலையாம்மா?"

அலுவலர் நஸ்ரின் திரையைப் பார்த்தாள். "அண்ணன் படகுலருந்து புதுசா எதுவும் வரலக்கா."

அங்கே கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ரேகை உண்டு. ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மாறிவிடும்; ரேகை ஒன்றென்றால் கோப்பும் ஒன்றேதான். காலை வணக்கப் படங்களும் வாழ்த்துகளும் ஓயாமல் சுற்றி அலைவரிசையை அடைத்ததால், ஊரெல்லாம் பகிர்ந்த ரேகையைக் கோபுரத்துச் சல்லடை திறக்காமலே ஒதுக்கிவிடும்.

"ஒதுக்குனதைக் காட்டு."

"அது வெறும் குப்பைக்கா."

"குப்பைன்னாலும் அவுக அனுப்புனதுதானே? காட்டு தாயி!"

நஸ்ரின் திறந்தாள். ஆரோக்கியத்தின் படகிலிருந்து ஒரே கோப்பு, காலையிலிருந்து திரும்பத் திரும்ப வந்திருந்தது. ஓடவிட்டாள்.

"காற்று தீர்கிறது. உதவி தேவை. காற்று தீர்கிறது..."

ரெஜினாவுக்கு அது யார் குரலென்று தெரியவில்லை. நஸ்ரினுக்குத் தெரிந்தது. எல்லாப் படகிலும் ஒன்றுபோலப் பதிந்து பொருத்தியிருக்கும் ஆபத்துக் குரல். பேச முடியாதவன் பொத்தானை அழுத்தினால் போதும். நஸ்ரின் அபாயச் சங்கை முடுக்கினாள். கோப்பு வந்த திசையில் மீட்புக்கலம் பாய்ந்தது.

"இன்னும் காத்து இருக்கும்லா? சொல்லேன்! இருக்கும்லா?"

நஸ்ரின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் கழித்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"படகு கெடச்சிருச்சு. அண்ணனுக்கு... மூச்சு இல்ல. பொத்தான்லருந்து விரலை எடுக்க முடியல."

ரெஜினா நஸ்ரினின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "உசுருக்குக் கூப்பிடுற குரலைக் குப்பையில சேத்தது யாரு? எவன் அவன்?"

"யாரும் சேக்கலக்கா. ஊரே பகிர்ந்தா அதுவா சேந்துரும். போன மாசம் யாரோ இதே கோப்பை, 'உயிர் காக்கும் குரல், ஒருவர் விடாமல் அனுப்புங்கள்'னு போட்டிருக்காங்க. அத்தனை பேரும் அனுப்பியிருக்காங்க."

ரெஜினாவின் பிடி தளர்ந்தது. தெரிந்தவர் அத்தனை பேருக்கும் அவளும்தான் அனுப்பியிருந்தாள். அதை அவள் கேட்டது இன்றுதான்.