இசக்கிபாண்டியின் பூட்டு

காரின் கதவைத் திறந்ததும் கூலண்ட் வாசம் வந்தது. தேவிப்பிரியா ஒரு காலை உள்ளே வைத்தபடியே நின்றுவிட்டாள். வெள்ளை உறை போட்ட இருக்கைகள், முன்கண்ணாடியில் தொங்கும் பிளாஸ்டிக் மல்லிகைச் சரம், டேஷ்போர்டில் விரலளவு பிள்ளையார், எல்லாம் அப்போதுதான் துடைத்ததுபோல் இருந்தன. ஆனால் அந்த வாசம், சூடான இரும்பின்மேல் பால் மாதிரி வழிந்து புளித்துப்போகும் எண்ணெய்த் தண்ணீரின் வாசம், ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பைத் தவிர வேறெங்கும் அவள் முகர்ந்திராத வாசம், கடல் தாண்டி இந்தப் பினாங்குத் தீவில் ஒரு சுற்றுலாக் காரின் பின்சீட்டில் எப்படி வந்து உட்கார்ந்திருக்கும்?

"வண்டில எதுனா எண்ணெ கொட்டிக்கிச்சா?"

"எண்ணெயா? காலையிலதான் கழுவுனேன் மேடம்." ஓட்டுநர் ரகுபதிக்கு அறுபது வயது இருக்கும். கழுத்துப் பட்டன் வரை இறுக்கிப் போட்ட பூப்போட்ட சட்டை. "பசியா இருப்பீங்க. பசியில இல்லாத வாசமெல்லாம் வரும் லா."

அவள் சிரித்து வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள். ஹோட்டல் மேசையில் கொடுத்த தாளில் அவள் பெயருக்குக் கீழே 'தனி அரைநாள் சுற்றுலா, ஒரு நபர்' என்று அச்சடித்திருந்தது. மதியம் இரண்டு மணியிலிருந்து ஏழு வரை. இங்கிருக்கும் தாய்க் கம்பெனியில் ஐந்து நாள் டிரெயினிங் முடிந்த சனிக்கிழமை. அவள் லீடராக இருக்கும் லைனுக்கு 'விபத்தில்லா ஆண்டு' விருது கிடைத்ததற்காகக் கம்பெனியின் அன்பளிப்பு. முப்பத்து நான்கு வருடங்களில் அவள் ஒரு காரில் தனியாகப் போனதே இல்லை. கம்பெனி பஸ்ஸில் நாற்பது பேர், வீட்டில் நான்கு பேர், லைனில் பதினெட்டுப் பேர் என்று எப்போதும் யாருடைய தோளாவது அவள் தோளில் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. 'ஒரு நபர்' என்பதை அவள் மூன்று முறை படித்தாள். ஐந்து நாளாக ஹோட்டல் அறையில் பாக்கெட் புளியோதரையைச் சாப்பிட்டபோதுகூட இப்படித் தனியாக உணரவில்லை.

"இந்தியாவுல எந்த ஊரு?"

"ஒரகடம் பக்கத்துல வடக்குப்பட்டு."

"மெட்ராஸா?"

"மெட்ராஸ் இல்ல. கிட்ட."

"மெட்ராஸ்னே சொல்லிருங்க மேடம். நாங்க எல்லாரையும் மெட்ராஸ்னுதான் சொல்லுவோம்."

நகரம் முடிந்ததும் மலை சாலையின்மேலேயே சாய்ந்தது. இவ்வளவு பச்சையை அவள் கண்டதில்லை. மரங்களுக்கு இடையே இருட்டு பகலிலேயே தேங்கிக் கிடந்தது. வளைவுகளில் கார் திரும்பும்போதெல்லாம் அவள் இருக்கைக்குப் பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம். இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம், சின்னது. வலது வளைவு, டிக். இடது வளைவு, டிக். டிக்கியில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். ஒரு குடை மட்டும் என்றார் ரகுபதி. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு அடுத்த வளைவுக்காகக் காத்திருந்தாள்.

மலைச்சரிவில் இருந்த சீனக் கோயிலில் ரகுபதி அவளைக் கம்பித் தடுப்போரம் நிறுத்திப் போட்டோ எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு அனுப்பினாள். இரண்டு நிமிடத்தில் கணவன் புருஷோத்தமன் கூப்பிட்டான்.

"இன்னா, மகாராணி ஒத்த ஆளா கார்ல சுத்தற? கூட யாரும் இல்லியா?"

"யாரும் இல்ல."

"கவிப்பிரியா உன் போட்டோவ பெருசு பண்ணிப் பாத்துகினு கீறா. பின்னால கம்பில செவப்பா இன்னாமோ தொங்குதாம். பூட்டு மாதிரி கீதுன்றா."

அவள் திரும்பிப் பார்த்தாள். கம்பியில் ஒன்றுமில்லை. கொஞ்சம் தள்ளி வேண்டுதல் ரிப்பன்கள் காற்றில் ஆடின.

"ரிப்பன். சாமிக்கு வேண்டிகினு கட்றாங்க இங்க."

அவன் குரலைத் தாழ்த்தினான். "தேவி, திங்கக்கெழம லேபர் ஆபீஸ்ல விசாரண, ஞாபகம் கீதுல்ல? ஒரே ஒரு வரி. பூட்டு இல்ல. அவ்ளோதான். சொல்லிட்டு கையெழுத்த போட்டுட்டு வந்துகினே இரு. நீ வாயத் தொறந்தா உன் வேல மட்டும் போவாது, உள்ள தூக்கி வெச்சிருவாங்க. பொண்ண நெனச்சிக்கோ."

"தெரியும்."

"தெரிஞ்சா செரி."

ஐந்து மாதம் ஆகிறது. பிரஸ்ஸுக்கு அடியில் கழிவுத் தகடு போகும் பெல்ட் ஒரு குழிக்குள் ஓடும். தகடு சிக்கினால் ரிப்பேர் ஆள் உள்ளே இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன் மின்பெட்டியின் சுவிட்சை அணைத்து அதில் தன் சிவப்புப் பூட்டை மாட்ட வேண்டும். சாவி அவன் பாக்கெட்டில். பூட்டோடு ஒரு அட்டை தொங்கும். அதில் அவன் போட்டோ, பெயர், கீழே 'நான் உள்ளே இருக்கிறேன். இயக்காதீர்.' மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுத்ததே அவள்தான்.

இசக்கிபாண்டி கான்ட்ராக்ட் ஃபிட்டர். சங்கரன்கோவில் பக்கம். அவளை "யக்கா" என்று கூப்பிடுவான். அந்த வாரத்தில் இரண்டு முறை பூட்டைக் கழற்ற மறந்து டீ குடிக்கப் போயிருந்தான். அன்றும் அப்படித்தான் என்று நினைத்தாள். மூன்று இருபது. டார்கெட்டுக்கு இன்னும் நாற்பத்தாறு பீஸ். மூன்று ஐம்பதுக்கு பஸ். அவனைப் போனில் கூப்பிட வேண்டும், மேனேஜர் கையெழுத்து வாங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பூட்டை வெட்டலாம். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். கட்டரை எடுத்து வெட்டினாள். வெட்டிய பூட்டை யாரும் பார்க்காமல் டிபன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். லைன் ஓடுவதற்கு முன் ஹார்ன் மூன்று தடவை அடித்தது.

இரவு வடக்குப்பட்டு ஏரியில் அந்தப் பூட்டை வீசினாள். பூட்டுப் போடாமல் குழிக்குள் இறங்கியதால் செத்தான் என்று ரிப்போர்ட் எழுதினார்கள். அவன் கம்பெனி ஆள் இல்லை என்பதால் விபத்துக் கணக்கிலும் அவன் வரவில்லை. அவன் அம்மா மரகதம் கம்பெனி கேட்டுக்கு வெளியே மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். ஷிப்ட் முடிந்து போகிறவர்களையெல்லாம் நிறுத்தி ஒன்றையே சொன்னாள்: "எம்புள்ள பூட்டாம உள்ள போகமாட்டாம்மா. ஊருக்கு வந்தாக்கூட சைக்கிளுக்கு ரெண்டு பூட்டு போடுதவன் அவன்."

இதெல்லாம் புருஷோத்தமனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஒரு மாதம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில், யாருமில்லாதபோது அவள் அந்தக் குழிக்குள் இறங்கிக் குந்திப் பார்த்தாள். குழியின் மூடியில் சதுரமாக ஒரு கம்பி ஜன்னல். அதன் வழியாக மின்பெட்டி நேர் எதிரே தெரிந்தது. அங்கே நின்று பூட்டை வெட்டுகிறவளின் கை தெரியும். முகமும் தெரியும்.

அவன் பார்த்திருப்பான். கத்தியிருப்பான்.

கார் மலையடி ஸ்டேஷனில் நின்றது. இங்கிருந்து கம்பி வடம் இழுக்கும் ரயிலில் உச்சிக்குப் போக வேண்டும். "கொடிமலை" என்றார் ரகுபதி. "நான் கீழயே இருக்கேன். பனி இறங்குனா உடனே வந்துருங்க. ஆங், மேல வேலியில பூட்டு மாட்டுற எடம் ஒண்ணு இருக்கு. ஜோடி ஜோடியா பேரு எழுதி மாட்டிட்டு சாவியப் பள்ளத்துல வீசிருவாங்க. நீங்களும் சார் பேரைப் போட்டு ஒண்ணு மாட்டுங்களேன்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன் மேடம்" என்றார்.

மேலே குளிர்ந்தது. பள்ளி முடிந்த பிள்ளைகள்போல ஒரு கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டு போனது, பிறகு பனி வந்து அந்தச் சத்தத்தைப் பஞ்சில் சுற்றியதுபோல் மூடிவிட்டது. போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் அவள் வேலிப் பக்கம் போனாள். ஆயிரக்கணக்கான பூட்டுகள். பித்தளை, இதய வடிவம், ரோஸ், மஞ்சள். தெரியாத மொழிகளில் பெயர்கள். காற்று வரும்போது எல்லாம் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. டிக். டிக். டிக்.

வாசம் முதலில் வந்தது. பிறகுதான் பார்த்தாள்.

இடுப்பு உயரத்தில், மற்றவற்றை ஒதுக்கிக்கொண்டு தனியாக, சிவப்புப் பூட்டு. வளையத்தில் வெட்டு இல்லை. முழுசாக இருந்தது. சாவித் துவாரத்தில் காய்ந்த களிமண், பக்கவாட்டில் பச்சைப் பாசி. அட்டைக்குள் தண்ணீர் புகுந்து போட்டோ பாதி கரைந்திருந்தது. நெற்றியும் ஒரு கண்ணும் மிச்சம். 'நான் உள்ளே இருக்கிறேன்.'

அவள் தொட்டாள். கதகதப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ கையிலிருந்து விட்டதுபோல.

சொல்லிவிடலாம் என்று அவளுக்கு அந்த நேரத்தில் உண்மையாகவே தோன்றியது. திங்கட்கிழமை வேண்டாம், இப்போதே, போனை எடுத்து யாரிடமாவது. பூட்டை வெட்டியது நான். மூன்றே சொல். ஐந்து மாதமாகத் தொண்டையில் நிற்கிற மூன்று சொல். வாயைத் திறந்தாள். எதிரே பனியைத் தவிர யாருமில்லை. யாருமில்லாத இடத்தில்கூட அது வரவில்லை. மகள் கவிப்பிரியாவின் பள்ளி யூனிபார்ம் நினைவுக்கு வந்தது. கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த மரகதத்தின் செருப்பில்லாத கால் நினைவுக்கு வந்தது. முதல் நினைவைப் பிடித்துக்கொண்டாள்.

"பூட்டு இல்ல" என்று சொல்லிப் பார்த்தாள். குரல் நன்றாகவே வந்தது. இன்னொரு தடவை, ஆபீசரிடம் சொல்வதுபோல நிமிர்ந்து நின்று: "பூட்டு இல்லைங்க சார்."

அட்டையைப் பிடித்து இழுத்தாள். அறுந்துகொண்டு வந்தது. அதைச் சுருட்டிப் பள்ளத்தில் வீசினாள். விழுந்த சத்தம் வரவில்லை.

காற்று நின்றிருந்தது. வேலியில் எந்தப் பூட்டும் அசையவில்லை.

ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். ரயில் நின்றுகொண்டிருந்தது. படிப்படியாக இறங்கும் பெட்டி, ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்ன அறை. மேல் அறைகளில் ஆட்கள் ஏறுவது கேட்டது. அவள் கடைசி அறையில் ஏறினாள். வேறு யாரும் ஏறவில்லை. கதவு மூடிக்கொண்டது. மேலே கேட்ட குரல்களும் அதோடு நின்றன.

கூலண்ட் வாசம். இப்போது நெடி. கண்ணைக் கரித்தது.

காலுக்கடியில் ஏதோ நழுவியது. குனிந்து பார்த்தாள். தகட்டுத் துண்டுகள். சுருள் சுருளாக, விளிம்பெல்லாம் கூராக.

கண்ணாடி பனியில் வெளுத்திருந்தது. உள்ளங்கையால் துடைத்தாள். சதுரமாக ஓர் இடம் தெளிந்தது. வெளியே, கதவின் கைப்பிடியில், சிவப்புப் பூட்டு. புதிது. அட்டை உலர்ந்து பளபளத்தது. அதிலிருந்த போட்டோ வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்தது. நெற்றியில் பெரிய பொட்டு, காதோரம் கனகாம்பரம், பயந்த கண்கள்.

அவள் போட்டோ. அவள் பெயர்.

நான் உள்ளே இருக்கிறேன்.

பூட்டு இருக்கிறவரை ஓடாது. அதை அவள்தானே பாடம் எடுத்தாள். பூட்டு இருக்கிறவரை யாரும்...

பனியில் ஒருத்தி நடந்து வந்தாள். நீலக் கோட்டு. தலைமுடிக்கு வலை. தோளில் டிபன் பை. கையில் நீளமான பிடி போட்ட கட்டர். நடையில் அவசரம்.

தேவிப்பிரியா கண்ணாடியைத் தட்டினாள்.

"உள்ள இருக்கேன்!"

இரண்டு கையாலும் அடித்தாள். "ஏய்! உள்ள ஆள் இருக்கேன்! இங்க பாரு!"

அந்தப் பெண் கதவருகே வந்து நின்றாள். ஒரு முழத் தூரம். இடது புருவத்தின் தழும்பு தெரிந்தது. தேவிப்பிரியா சின்ன வயதில் வடக்குப்பட்டு வரப்பில் விழுந்த தழும்பு. பூட்டை வெட்டியபோது இப்படித்தான் இருந்திருக்கும் தன் முகம் என்று ஐந்து மாதமாக அவள் நினைத்துக்கொண்டிருந்த எதுவும் அதில் இல்லை. கோபம் இல்லை. கொடுமை இல்லை. பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஒரு முகம்.

கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். யக்கா என்று வந்தது வாயில்.

வெளியே நின்றவளுக்குக் கேட்கவில்லை. மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். கட்டரின் வாயை விரித்து வளையத்தில் வைத்தாள்.

டிக்.

வெட்டிய பூட்டை டிபன் பைக்குள் போட்டாள். ஜிப்பை இழுத்தாள். திரும்பி நடந்தாள்.

முதல் ஹார்ன் அடித்தது.